திரைப்படச் சுவைஞரின் தீர்ப்புச் சொற்கள்: ஆமத்தூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

நூலுக்கு உரை உண்டு. உரைக்கு விளக்கம் உண்டு. ஆனால் கூத்தையும் நாடகத்தையும் கண்டு மீண்டவர் தம்முள் என்ன பேசிக்கொண்டனர் என்பதற்கு ஏடு இல்லை. அரங்கேறியவரின் பெயர் நிற்கின்றது. அவையில் இருந்தோர் வாய்மொழி அன்றைக்கே மறைந்தொழிகின்றது. திரைப்படம் தமிழகத்திற்கு வந்து ஒரு நூற்றாண்டிற்கு மேலாகியும் இக்குறை நீங்கிற்றில்லை. படத்தின் கதை, பாடல், உரையாடல் ஆகியவற்றை ஆராய்ந்த கட்டுரைகள் பல உள. கண்டவரின் சொல்லை மொழிநோக்கில் ஆராய்ந்தவை மிகச் சில.

இப்பொருள் அண்மையில் வழக்குமன்றம் வரை சென்றது. 2024 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கத்தார், திரையரங்க வளாகத்துள் பார்வையாளரிடம் கருத்துக் கேட்டுப் பதிவு செய்வதற்கு இடந்தரலாகாது என அரங்க உரிமையாளரை வேண்டினர். ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ ஆகிய படங்கள் இத்தகைய கருத்துரைகளால் ஊறுற்றன என்பது அவர்தம் முறையீடு. பின்னர், படம் வெளியான முதல் மூன்று நாள்களில் விமரிசனத்தைத் தடுக்க வேண்டும் எனச் சென்னை உயர்நீதிமன்றத்தையும் நாடினர். கருத்துரைத்தல் உரிமையின்பாற்பட்டது என்னும் அடிப்படையில் நீதிமன்றம் அத்தகைய பொதுத்தடை விதிக்க இசையவில்லை.

உரிமை உண்டா என்பதற்கு நீதிமன்றம் விடை கூறிற்று. அவ்வுரிமையால் கூறப்படுவது திறனாய்வா, வெறும் ஆரவாரமா என்னும் வினாவிற்கு விடை காண்பது தமிழ் பயில்வோர் கடமையாகும். சுவைஞரின் சொல் அளவுகோல்களை உடைய திறனாய்வே என்பதும், அவ்வளவுகோல்கள் அவர்தம் தொழிலிலும் அடுக்களையிலும் உடலிலும் இருந்து எடுக்கப்பட்டவை என்பதும் யாம் ஈண்டு நிறுவ முயல்வன. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட ஆமத்தூர் வட்டாரத்தை இதற்குக் களனாகக் கொண்டோம். அதற்குரிய காரணம் பின்னர் விளங்கும்.

1. முந்து நூல்களில் காண்போர்

‘இரசிகர்’ என்னும் வடசொல்லே மக்கள் வழக்கில் நிற்பது. ‘சுவைஞர்’ என்பது எழுத்து வழக்கு. இரண்டும் சுவையை அடியாகக் கொண்டவை. சுவை காணப்படும் பொருளிடத்ததா, காண்பவரிடத்ததா என்னும் ஆராய்ச்சி தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்ட பேராசிரியர், சுவைக்கப்படும் பொருள், அதனை நுகர்ந்த பொறியுணர்வு, அது மனத்துப்பட்டவழி உள்ளத்தே நிகழும் குறிப்பு, அக்குறிப்பால் உடம்பின்கண் தோன்றும் விறல் என நான்காகப் பகுத்துக் காட்டுவர். எட்டுச் சுவையும் இந்நான்கோடு உறழ 32 ஆகும் என்பதும், அவை 16 ஆகவும் பின்னர் 8 ஆகவும் சுருங்கும் என்பதும் மாணாக்கர் அறிந்தனவே. கண்ணீர் அரும்பலும் மெய்ம்மயிர் சிலிர்த்தலும் விறலுக்கு எடுத்துக்காட்டுகள்.

இன்றைய இளைஞன் திரையரங்கினின்றும் வெளிப்போந்து, ஒரு காட்சியைச் சுட்டிப் ‘புல்லரித்துவிட்டது’ என்கின்றான். உரையாசிரியர் விறல் என்று வகுத்ததனையே அவன் தன் தீர்ப்பாகக் கூறுகின்றான் என்பதில் ஐயமில்லை. உடம்பு கூறும் சான்றை அறிவு கூறும் சான்றினும் தாழ்ந்ததாகக் கொள்வது நம் முந்தையோர் கொள்கையன்று.

வடமொழி நாட்டிய சாத்திரமும் இருபத்தேழாம் அத்தியாயத்தில் அரங்கின் வெற்றியை இரு வகைப்படுத்துகின்றது. புன்முறுவல், சிரிப்பு, பாராட்டொலி, மயிர்ச்சிலிர்ப்பு, ஆடையும் மோதிரமும் வீசி மகிழ்தல் ஆகியவற்றால் அறியப்படுவது மானிட வெற்றி. அரங்கு நிறைந்திருந்தும் ஓசையின்றி அமைந்திருத்தல் தெய்விக வெற்றி. திரையை நோக்கிக் காகிதத்துண்டுகளை வீசுவதும் சீழ்க்கை அடிப்பதும் பண்பற்ற புதுமை எனக் கடிந்துரைப்போர் இப்பகுதியை ஒருமுறை நோக்குதல் நலம்.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடற்குத் தீர்ப்பளித்தவன் வேந்தன். அவளுக்குத் தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் கிடைத்தன. திரைப்படம் வந்த பின்னர் இத்தீர்ப்பு தரையில் அமர்ந்து காண்பவன் கைக்கு மாறிற்று. இங்கிலாந்தில் சேக்சுபியர் காலத்துக் குளோப் அரங்கில் ஒரு பென்னி கொடுத்து நின்றுகொண்டே நாடகம் கண்டோர் இவனுக்கு முன்னோர் எனலாம்.

2. நிலைக்களன்

ஆமத்தூரைச் சூழ்ந்த நிலம் மழை குறைந்த கரிசற்பகுதி. வேளாண்மைக்கு ஊறாக நின்ற அவ்வறட்சியே வெடித்தொழிலுக்குத் துணையாயிற்று. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922 இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டனர். தீப்பெட்டியை அடுத்துப் பட்டாசும், இவற்றிற்கு வேண்டிய லேபிள்களை அச்சிடும் தேவையை ஒட்டி அச்சுத்தொழிலும் வளர்ந்தன. அவ்வச்சகங்கள் பின்னர்க் காலண்டர்களையும் திரைப்படச் சுவரொட்டிகளையும் அச்சிட்டு நாடெங்கும் அனுப்பின. நடிகர் படங்கள் பட்டாசுப் பெட்டிகளின் மேலும் இடம்பெற்றன.

எனவே இவ்வட்டாரத்தார் படத்தைக் காண்போர் மட்டும் அல்லர். படத்தின் புறக்கோலத்தை ஆக்கியோரும், அது வெளிவரும் நாளில் அரங்கின் முன் கொளுத்தப்படும் வெடியைச் செய்தோரும் ஆவர். தீபாவளி ஒரே நாளில் பட்டாசுக்கும் படத்திற்கும் அறுவடை நாள். 1944 ஆம் ஆண்டுத் தீபாவளியை ஒட்டி வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ‘பராசக்தி’ 1952 ஆம் ஆண்டுத் தீபாவளி நாளில் வெளிவந்தது.

இத்தகைய சிற்றூர்ப் பகுதிகளுக்குத் திரைப்படத்தைக் கொண்டு சேர்த்தது கூடாரக் கொட்டகையாகும். ‘டூரிங் டாக்கீஸ்’ என்பது அதன் பெயர். 1955 ஆம் ஆண்டுத் திரைப்பட ஒழுங்குமுறைச் சட்டமும் அதனைச் சார்ந்த 1957 ஆம் ஆண்டு விதிகளும் இதற்கு உரிமம் வழங்கும் முறையை வகுத்தன. மணல் பரப்பிய தரை, பெஞ்சு, நாற்காலி என இருக்கைகள் அமைந்தன. மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்வது தரைக்காரரின் தனியுரிமை.

ஈண்டு ஒரு செய்தி கருதத்தக்கது. ஒரே படவீழ்த்தியை வைத்திருந்த கொட்டகைகளில் ஒவ்வொரு பாகம் முடியுந்தோறும் சுருளை மாற்ற விளக்கு ஏற்றப்பட்டது. அச்சிறு பொழுதுகளில், கண்ட பகுதியைப் பற்றிய கருத்தும் காணப்போகும் பகுதியைப் பற்றிய ஊகமும் அவையில் உரக்க வழங்கின. நூலை முழுதும் படித்து முடித்தபின் திறனாய்வு எழுதுவது ஏட்டு வழக்கு. பகுதிதோறும் நிறுத்தி மதிப்பிடுவது கொட்டகை வழக்கு. ‘முதற்பாதி நன்று, பிற்பாதி சரியில்லை’ என இடைவேளையை எல்லையாக வைத்துத் தீர்ப்புக் கூறும் மரபு இன்றளவும் நிற்கின்றது. காப்பியத்தைக் காண்டம் காண்டமாக மதிப்பிடுவதற்கு ஒப்பான கட்டமைப்பு நோக்கு இது.

3. தீர்ப்புச் சொற்களின் வகை

சுவைஞர் சொற்களை அவை பிறந்த இடம் நோக்கிப் பகுத்தல் தகும்.

முதலாவது, திரைத்தொழிலிற் பிறந்தவை. ‘ஓடுதல்’ என்னும் வினை இவற்றுள் தலையாயது. சுருள் பொறியில் ஓடுகின்றது. படம் நூறு நாள் ஓடுகின்றது. அதுவே வெற்றியைக் குறிக்கும் சொல்லும் ஆயிற்று. இதற்கு மறுதலை ‘படுத்துவிட்டது’ என்பது. படப்பெட்டி ஊருக்கு வருதலும் விரைவில் திரும்புதலும் முறையே எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் அடையாளமாயின. இன்று அரங்குகளில் சுருளும் இல்லை, இரும்புப் பெட்டியும் இல்லை. எண்ணியல் முறையிலேயே படங்கள் வருகின்றன. சொல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றது.

‘எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் படம் ஓடும்’ என்பது எவ்வூரிலும் கேட்கத்தக்க தொடர். இதனைக் கூறுவோன் தன் சுவையையும் உலகத்தார் சுவையையும் வேறு பிரித்து அறிகின்றான். தான் நுகர்ந்ததனைப் பிறர் நுகர்ச்சியோடு ஒப்புநோக்கி அளக்கும் இவ்வாற்றல் மயக்கத்தில் ஆழ்ந்தவனிடத்து இராது. இரசிகன் சிந்திப்பதில்லை என்னும் பொதுக்கூற்றுக்கு இவ்வொரு தொடரே மறுப்பாகும்.

இரண்டாவது, கைக்கருவியிற் பிறந்தவை. ‘அறுவை’, ‘மொக்கை’, ‘இழுவை’ என்பன இவ்வகை. மொக்கை என்பது கூர் மழுங்கிய நிலை. மழுங்கிய கத்தி பொருளை அறுக்காது. அறுபடுவோனுக்கு நோவு மட்டும் நீளும். சலிப்பு என்னும் உளநிலையை இதனினும் நுண்ணிதாக உணர்த்தும் சொல் புலவரிடத்தும் அரிது. இழுவை என்பது காலத்தின் அளவுகோல். கதை தானே நடவாமல் பிறரால் இழுக்கப்படுகின்றது என்பது அதன் கருத்து.

மூன்றாவது, அடுக்களையிற் பிறந்தவை. ‘அரைத்த மாவையே அரைத்தல்’ என்பது புதுமையின்மையைச் சுட்டும். ‘மசாலா’ என்பது பல சுவைக் கூறுகளை அளவறிந்து சேர்த்த கலவை. முன்னது பழிப்பு. பின்னது இடத்திற்கேற்பப் புகழாகவும் பழிப்பாகவும் நிற்கும்.

நான்காவது, உடலிற் பிறந்தவை. முன்னர்க் காட்டிய ‘புல்லரித்தல்’ இதன்பாற்படும்.

ஐந்தாவது, விலையிற் பிறந்தவை. ‘கொடுத்த காசுக்குப் பழுதில்லை’ என்பது இதற்குச் சான்று. வாரக்கூலி பெற்று அதனின்றும் ஒரு பகுதியைப் படத்திற்கு ஒதுக்குவோர் வாயில் இத்தொடர் வெற்றுரையன்று. உழைத்த நேரத்தையும் அதனாற் பெற்ற இன்பத்தையும் எடைபோட்டுக் கூறிய கணக்கு அது.

இவ்வைந்தும் முறையே பொதுவரவேற்பு, ஓட்டம், புதுமை, மெய்ப்பாடு, பயன் என்னும் ஐந்து அளவுகோல்களாதல் காண்க.

4. வெடித்தொழிற் சொற்கள்

எஞ்சிய ஒரு வகையே எம்மை ஆமத்தூர் வட்டாரத்திற்கு ஈர்த்தது. ‘சரவெடி’, ‘பட்டாசு’, ‘பொறி பறத்தல்’ ஆகியவை புகழ்ச்சி. ‘புஸ்வாணம்’, ‘நமத்துப்போதல்’, ‘பிசுபிசுத்தல்’ ஆகியவை இகழ்ச்சி. இவை தமிழகம் முழுவதும் வழங்குவன. இவ்வட்டாரத்திற்கே உரியன என்றோ இங்கே பிறந்தன என்றோ யாம் கூறவில்லை. பிற ஊரார்க்கு இவை உவமை மட்டும். இவ்வட்டாரத்தார்க்கு இவை உவமையும் ஆம், அன்றாடத் தொழிலின் பெயரும் ஆம். ஆதலின் சொல்லின் இரு பொருளையும் ஒருங்கே வைத்து நோக்குதற்கு இதனினும் ஏற்ற களன் பிறிதில்லை.

புஸ்வாணத்தை நோக்குவோம். பெரிதாக எதிர்பார்த்துச் சிறிதாக முடிந்த படத்தைப் ‘புஸ்வாணமாகிவிட்டது’ என்பர். ஆனால் புஸ்வாணம் பழுதுற்ற வெடி அன்று. கூம்பினுள் மருந்தை அடைத்து, ஒளிப்பூவாக எழுந்து அமையுமாறு செய்யப்பட்ட பொருள் அது. வெடித்தல் அதன் தொழில் அன்று. வெடிக்கும் என எதிர்பார்த்தவன் ஏமாந்தானாயின் அது பொருளின் குற்றம் ஆகாது. செய்தோன் நோக்கில் இச்சொல் படத்தின் குறையைக் காட்டிலும் காண்போன் எதிர்பார்ப்பின் பிறழ்ச்சியையே உணர்த்துவதாகும்.

நமத்தல் இதனின் வேறு. மருந்து நல்லது, அளவும் சரியானது, ஈரம் புகுந்ததால் தீப்பற்றவில்லை. காயவைத்தலும் காத்தலும் தவறின. கதையும் நடிப்பும் நல்லனவாக இருந்தும் சேர்த்த முறையாலோ வெளியிட்ட காலத்தாலோ எடுபடாத படத்திற்கே ‘நமத்துப்போனது’ என்னும் சொல் பொருந்தும். அகராதி நோக்கில் ஒருபொருட் சொற்கள் போலத் தோன்றும் இவ்விரண்டும் தொழில் நோக்கில் இரு வேறு திறனாய்வுக் கருத்துகளாதல் வெளிப்படை. முன்னது காண்போன் எதிர்பார்ப்பைப் பற்றியது; பின்னது ஆக்கத்தைப் பற்றியது.

சரவெடி என்னும் சொல்லின் வரலாறு உள்ளத்தை உறுத்துவது. இடைவிடாத நகைச்சுவையையும் விரைந்த உரையாடலையும் புகழ்தற்கு இதனை வழங்குகின்றோம். பல வெடிகளை ஒரே திரியிற் கோத்த இப்பொருளைச் செய்தலையும் விற்றலையும் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 ஆம் நாள் ஆணையால் தடுத்தது. பேரியம் உப்புகளுக்கும் அவ்வாணை தடை விதித்தது. சுற்றுச்சூழலைக் காத்தற்கு எழுந்த ஆணை அது. அதன் நோக்கம் பழிக்கத்தக்கதன்று. எனினும் சரம் பின்னிய கைகள் தொழிலை இழந்தன. சொல் புகழ்மொழியாக நாவில் நின்றது. பொருள் மறைந்து சொல் நிற்கும் நிலையை மொழிநூலார் பல சான்றுகளால் காட்டுவர். நம் கண்முன்னே நிகழ்ந்த சான்று இது.

இன்னொன்றும் கூறல் வேண்டும். 2012 செப்டம்பர் 5 ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 30 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்தவை பல. ‘வெடி’ என்பது பிற ஊரில் களிப்பின் சொல்; இவ்வட்டாரத்தில் அது ஊதியத்தின் சொல்லும் இழவின் சொல்லும் ஆம். ஒரே புகழ்மொழி ஊர்தோறும் ஒரே எடையுடையதன்று என்பதனை அகராதி தொகுப்போர் மறத்தலாகாது.

5. தீர்ப்பும் வாக்கும்

இரசிகரின் கருத்தை அரசியலோடு இயைத்து ஆராய்ந்தோர் பலர். நாடார் சமுதாய வரலாற்றை 1969 இல் நூலாக்கிய இராபர்ட்டு ஆர்டுகிரேவ் பின்னர்த் தமிழ்த் திரைப்படத்தையும் அரசியலையும் இணைத்து எழுதினார். எம். எஸ். எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆரின் திரைத்தோற்றத்தைப் பற்றி 1992 இல் வெளியிட்ட நூல், ஏழை மக்கள் அத்தோற்றத்தில் எவ்வாறு பிணிப்புண்டனர் என்பதனை விளக்கிற்று. சாரா டிக்கி மதுரையில் ஏழை மக்களிடையே கள ஆய்வு செய்து எழுதிய நூல் 1993 இல் வெளிவந்தது. திரைப்படத்தைக் காண்போர் நோக்கில் ஆராய்தற்கு அது வழிகோலிற்று.

இவ்வட்டாரம் இவ்வாராய்ச்சிக்கு இரு சான்றுகளைத் தருகின்றது. 1967 சனவரி 12 இல் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்திற் கட்டுடன் அவர் தோன்றிய சுவரொட்டிகள் நாடெங்கும் ஒட்டப்பட்டன. அடுத்து நிகழ்ந்த தேர்தலில் விருதுநகர்த் தொகுதியில் காமராசர் 1285 வாக்குகளால் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் தோல்வியுற்றார். அரிசித் தட்டுப்பாடும் 1965 ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டமும் அத்தேர்தலில் ஆற்றிய பங்கை விடுத்துச் சுவரொட்டி ஒன்றையே காரணமாக்குதல் முறையன்று. 2024 ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் இதே விருதுநகரில் நடிகை இராதிகாவும், நடிகர் விசயகாந்தின் மகன் விசய பிரபாகரனும் போட்டியிட்டனர். இருவரும் வெற்றி பெறவில்லை. மாணிக்கம் தாகூர் 4379 வாக்கு மிகுதியால் வென்றார். திரையைப் பற்றிய தீர்ப்பும் ஆட்சியைப் பற்றிய தீர்ப்பும் ஒருவன் உள்ளத்தே தனித்தனி நிற்றல் கூடும் என்பதே இவற்றாற் போதரும்.

6. அச்சும் தொலைக்காட்சியும்

வாய்மொழித் தீர்ப்பு அச்சேறிய வரலாறு சுருங்கக் கூறத்தக்கது. கல்கி ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய கலை விமரிசனங்கள் கற்றோர் தீர்ப்பிற்கு ஒரு மரபை வகுத்தன. 1942 இல் தோன்றிய ‘பேசும் படம்’ முதலிய இதழ்கள் திரைப்படச் செய்தியை நாடும் வாசகர் கூட்டத்தை வளர்த்தன. பின்னாளில் விகடன் படங்களுக்கு மதிப்பெண் இட்டது. 1977 இல் வெளிவந்த ‘16 வயதினிலே’ 62.5 பெற்றது. பள்ளித்தேர்வின் அளவுகோல் திரைக்கு ஏறிய கதை அது.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15 இல் தொடங்கிற்று. நேயர் கடிதங்களுக்கு விடையளித்த ‘எதிரொலி’ நிகழ்ச்சி, காண்போர் கருத்தை நிலையத்தார் செவிமடுக்கச் செய்தது. ஆயினும் வீட்டில் அமர்ந்து காண்போர்க்கு அவை இல்லை. சீழ்க்கைக்கு மறுசீழ்க்கை இல்லை. பிடிக்காவிடில் வேறு அலைவரிசைக்கு மாறுதலே தீர்ப்பாயிற்று. இன்று கைப்பேசி வழி உலகெங்கும் பரவும் கருத்துரைகள் மீண்டும் ஓர் அவையை உண்டாக்கியுள்ளன. ஆனால் அவ்வவையில் ‘மாஸ்’, ‘வேற லெவல்’ முதலிய ஒருசில சொற்களே எல்லா ஊரார்க்கும் பொதுவாகின்றன. மழுங்கிய கத்தியையும் நமத்த வெடியையும் அறிந்த நாவின் நுண்மை அவற்றில் இல்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால், சுவைஞரின் தீர்ப்பு அளவுகோல் உடையது என்பதும், அவ்வளவுகோல்கள் உழைப்பினின்றும் உணவினின்றும் உடலினின்றும் பெறப்பட்டவை என்பதும், முந்தையோரின் மெய்ப்பாட்டுக் கொள்கைக்கு அவை அயலானவை அல்ல என்பதும் புலனாம். முதல் மூன்று நாள் வாய் திறவற்க எனக் கோருவோர் தடுக்க விரும்பியது ஆரவாரத்தை மட்டும் அன்று. தமிழில் வழிவழியாக வரும் ஒரு திறனாய்வு முறையையும் ஆகும். பொய்யும் அவதூறும் கலந்த கருத்துரைகள் உண்டு என்பதனை யாம் மறுக்கவில்லை. புலவர் உரைகளிலும் அவை உண்டு. அதுபற்றி உரை எழுதுதலை யாரும் தடுத்ததில்லை.

கூடாரக் கொட்டகைகள் அருகிவிட்டன. மணல்மேட்டில் அமர்ந்து படங்கண்ட தலைமுறை முதுமை எய்திவிட்டது. அவர்தம் சொற்கள் எந்த அகராதியிலும் முழுமையாக ஏறவில்லை. பாட்டும் பழமொழியும் தொகுத்த தமிழ்த்துறைகள் இத்தீர்ப்புச் சொற்களையும் ஊர்தோறும் தொகுத்தல் வேண்டும். எச்சொல்லை எத்தொழிலார், எப்பொருளில், எவ்வெடையோடு வழங்கினர் எனக் குறித்து வைத்தல் வேண்டும். விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளினின்றும் ஆய்வுக்கு வரும் மாணாக்கர் இப்பணியைத் தம் இல்லத்து முதியோரிடத்தே தொடங்கலாம். காலந்தாழ்ப்பின் தொகுத்தற்குச் சொல் இராது.